கைராசிக்காரி

"அவளுக்குப் பிள்ளையைத் தூக்கவே தெரியாது சிஸ்டர்! அவளைப் போய்க் கேட்டிருக்காங்களே அந்த வீட்டுல!"

சுகிர்தா பொரிந்து தள்ளினாள்.

செண்பகவல்லி மருந்துப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சுகிர்தாவுக்கு இவள்தான் குரு. குரு என்றதும் நரைத்த தாடியைத் தேடாதீர்கள். செண்பகவல்லிக்கு முப்பதைத் தாண்டி நாலைந்து வயது இருக்கும். மனம் கலங்கியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நர்சுகளுக்கு அவள்தான் தலைவி. சிஷ்யை சுகிர்தாதான் வயதில் மூத்தவள். பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டிலேயே காலம் தள்ளிவிட்டு, இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்திருந்தாள்.

எப்பேர்ப்பட்ட பிள்ளையும் அவள் தோளில் சாய்ந்தால் அடங்கிவிடும். வார்டில் அவளுக்குக் கைராசிக்காரி என்றே பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு வேண்டாம்.

"யார் கேட்டது? மாமியாரா?"

"மாமியாரா இருந்தா நான் ஏன் பேசப்போறேன்? அந்தப் பொண்ணே கேட்டிருக்கா சிஸ்டர். வாயே திறக்காதவ! திறந்ததும் முதல் பேச்சே, 'பர்வீன் அக்கா வருவாங்களா'ன்னு."

சொல்லும்போதே சுகிர்தாவுக்கு வயிறு எரிந்தது. பர்வீன் நேற்று வந்த நர்ஸ். கல்யாணம்கூட ஆகவில்லை. பிள்ளையைக் கண்டால் கை நடுங்கும். அவளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

அந்தப் பெண் பெயர் மதுபாலா. பிரசவம் ஆனதிலிருந்து மனசு இருண்டு கிடந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. பிள்ளையை மட்டும் தொடவில்லை.

"இவளை நம்பி இனி ஆகாது. வெள்ளிக்கிழமை என் மக வந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போகட்டும், அவளே வளர்க்கட்டும்" என்று மாமியார் முடிவு கட்டிவிட்டாள்.

"நீங்க போனா அங்க என்ன நடக்கும்?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"வாசல்லயே பிள்ளையை வாங்கிடுவேன். முதுகுல ரெண்டு தட்டு, அவ்வளவுதான், கண்ணு சொக்கிடும். மாமியாரே வாய்விட்டுச் சொல்வாங்க, 'பெத்தவ பக்கத்துல கிடந்து கத்துறான், நர்சம்மா கையில எப்படித் தூங்குறான் பாரு'ன்னு."

"மதுபாலா என்ன செய்வா?"

"என்ன செய்வா! சுவரைப் பாத்துப் படுத்துக்குவா."

"பர்வீன் போனா?"

"அந்தக் கூத்தை ஏன் கேக்குறீங்க! பிள்ளை வீல்னு கத்துது. 'எனக்குப் பயமா இருக்கே, தலையை எப்படித் தாங்கணும்'னு அந்தப் பொண்ணுகிட்டயே கேக்குறாளாம். ஒரு நர்ஸ் கேக்குற கேள்வியா இது? மானம் போகுது!"

"மதுபாலா சொன்னாளா?"

"கையால காட்டினாளாம்."

செண்பகவல்லி பெட்டியை மூடினாள்.

"என்கிட்ட இல்லாதது அவகிட்ட அப்படி என்ன இருக்கு? அதை மட்டும் சொல்லிடுங்க சிஸ்டர்."

"சாப்பாட்டு நேரமாச்சுக்கா. அந்தோணி ஐயா காத்துக்கிட்டிருப்பார்."

இதுதான் பதிலா என்று முணுமுணுத்துக்கொண்டே சுகிர்தா எழுந்தாள்.

அலுவலகத்துக்குப் பின்கட்டில் முதியோர் இல்லம். சாப்பாட்டு நேரத்தில் நர்சுகளும் அங்கே போய் ஊட்டுவார்கள். அந்தோணி ஒரு காலத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்போது சொந்தப் பெயரே மறந்துபோய்விட்டது. சுகிர்தா ஊட்டினால் மட்டும் வாயைத் திறப்பார். அந்த ஒரு விஷயத்தில் அவளை அசைக்க இல்லத்தில் ஆள் கிடையாது.

அவள் பருப்புச் சோற்றைக் குழைத்து ஸ்பூனால் ஊட்ட ஆரம்பித்தாள். அவர் கை தட்டுப் பக்கம் வந்தது. வழக்கம்போல அதை மெல்ல எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

செண்பகவல்லி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க குடுங்க" என்று தட்டை வாங்கிக்கொண்டாள்.

"சிஸ்டர், அவர் என் கையால தவிர..."

அந்தோணி வாயைத் திறந்தார். அடுத்த வாய்க்கும் திறந்தார். செண்பகவல்லி கிரேன் மாதிரி ஸ்பூனை மேலே தூக்கிக் கீழே இறக்கினாள். கிழவர் பொக்கை வாயால் சிரித்தார். தட்டு காலியானது.

சமையல்கார லூர்து வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

"அட, நம்ம சிஸ்டர் கையில எப்படிச் சாப்பிடுறார்! சுகிர்தாக்கா ஊட்டினா பாதிச் சோறு மிஞ்சுமே!"

செண்பகவல்லி மறுத்துப் பேசவில்லை. சிரித்தாள்.

சுகிர்தா எழுந்து போய்விட்டாள். துணி துவைக்கிற இடத்தில் சுவரைப் பார்த்து நின்றாள். போகட்டும், இனி அவளே ஊட்டட்டும், அவளே குளிப்பாட்டட்டும், நான் எதற்கு இங்கே? அந்தக் கிழவர் முகத்தில் இனி விழிப்பதில்லை என்றுகூட நினைத்தாள்.

செண்பகவல்லி பின்னாலேயே வந்தாள்.

"ஏன்க்கா, சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

சுகிர்தா வெடுக்கென்று திரும்பினாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தாள்.

கேட்கவில்லை. 'சுவரைப் பாத்துப் படுத்துக்குவா' என்று சற்றுமுன் தானே சொன்னது அவள் காதிலேயே ஒலித்தது.

"நாளைக்குப் பர்வீன் லீவு. மதுபாலா வீட்டுக்கு நீங்கதான் போகணும்" என்று சொல்லிவிட்டுச் செண்பகவல்லி போய்விட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை.

வீட்டு வாசலில் மாமியார் கத்துகிற பிள்ளையோடு நின்றிருந்தாள்.

"வந்துட்டியா தாயி! காலையிலேருந்து உயிரை எடுக்குறான். உன் கை பட்டாத்தான் அடங்குவான்."

பிள்ளை கைக்கு வந்தது. சுகிர்தாவின் தோள் தானாகச் சாய்ந்தது, கை தானாக முதுகைத் தேடியது. பாழாய்ப்போன பழக்கம்! பல்லைக் கடித்துக்கொண்டு கையை நிறுத்தினாள். பிள்ளையை மடியில் கிடத்தி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மதுபாலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

பிள்ளை கத்தினான். முகம் சிவக்கக் கத்தினான்.

"என்ன நர்சம்மா, உன் கைராசி இன்னைக்கு எங்க போச்சு?" என்றாள் மாமியார்.

அந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் அவளைப் பார்த்துக் கேட்டதில்லை. சுருக்கென்று தைத்தது. ஒரு தட்டு தட்டினால் போதும், கிழவி வாயை அடைத்துவிடலாம். சுகிர்தா தட்டவில்லை.

"மதுபாலா, உன் பையன் என்னமோ சொல்றான். எனக்குப் புரியலம்மா."

கட்டிலில் அசைவில்லை.

"நெஜமாத்தான் சொல்றேன். எனக்குத் தெரியல."

மதுபாலா திரும்பினாள். பிள்ளையையே பார்த்தாள்.

"சட்டை" என்றாள். குரல் கரகரத்தது. "கழுத்துல நாடா இறுக்குது."

"எங்க?"

"அங்க இல்ல. இங்க." அவள் விரல் வந்து நாடாவைத் தளர்த்தியது. அப்புறம் அந்தக் கை திரும்பிப் போகவில்லை. "குடுங்க."

சுகிர்தா கொடுத்தாள்.

பிள்ளை உடனே அடங்கிவிட்டான் என்று நினைக்காதீர்கள். நன்றாகக் கத்தினான்.

"உனக்கெதுக்கு இந்த வேலை? நர்சம்மாகிட்டயே குடுத்துடு" என்று மாமியார் கையை நீட்டினாள்.

மதுபாலா பிள்ளையோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்கிட்டயே இருக்கட்டும்."

மாமியார் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "நாளைக்கு நீ பஸ் ஏறாத. பாத்துக்கலாம்" என்று மகளிடம் சொல்வது உள்ளே கேட்டது.

சுகிர்தா திரும்பி வந்தபோது இல்லத்தில் சாப்பாட்டு நேரம். செண்பகவல்லி அந்தோணி பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளை அழுதானா?"

"கத்தித் தீத்துட்டான் சிஸ்டர்."

"யார் கையில?"

"முதல்ல என் கையில. அப்புறம் அவன் அம்மா கையில."

செண்பகவல்லி தட்டை அவளிடம் நீட்டிவிட்டு எழுந்துபோனாள்.

சுகிர்தா சோற்றைக் குழைத்தாள். ஸ்பூனை எடுத்தாள். அந்தோணியின் கை மடியிலிருந்து எழுந்து தட்டுப் பக்கம் வந்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தினமும் வந்த கைதான்.

ஸ்பூனை அதில் வைத்தாள்.

பாதிச் சோறு சட்டையில் விழுந்தது. சுகிர்தா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.