சாணி வண்டு வானம் பார்ப்பது ஏன்

அந்தக் காலத்தில் பூச்சியும் பேசும், நட்சத்திரமும் பேசும். நட்சத்திர வெளிச்சத்துக்கு அப்போது இவ்வளவு வேகம் கிடையாது. தூறல் மாதிரி நிதானமாகத்தான் இறங்கும்.

மேய்ச்சல் காட்டில் உருட்டன் என்றொரு சாணி வண்டு இருந்தான். அவன் பெண்டாட்டி செம்பிக்கு அன்று முட்டையிடும் நாள். சாணி உருண்டை வளைக்கு வந்து சேர்ந்தால்தான் முட்டை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு அதுதான் சோறு. பால்வீதியில் ஒரு நட்சத்திரத்தை வலப்பக்கமாக வைத்துக்கொண்டு உருட்டினால் நேரே வளைக்குப் போய்விடலாம். பொழுது சாய்ந்ததும் சாணிக் குவியலில் ஓர் உருண்டை பிடித்து உருட்டன் கிளம்பினான்.

திருட்டு வண்டுகள் துரத்துமோ என்று பயம். அடிக்கு அடி வேகத்தைக் கூட்டினான். பார்த்தால், நட்சத்திரம் முன்பக்கம் நகர்ந்திருக்கிறது!

"அட, இது எங்க போகுது?"

அதைப் பழையபடி வலப்பக்கம் கொண்டுவர, இடது கைப்பக்கம் திரும்பினான். இன்னும் வேகம் கூட்டினான், அது இன்னும் நகர்ந்தது, இவனும் இன்னும் திரும்பினான். கடைசியில் கிளம்பின சாணிக் குவியலுக்கே வந்து நின்றான், புத்திசாலி! அங்கிருந்த தடியன் ஒருவன் உருண்டையைப் பிடுங்கிக்கொண்டான்.

வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்ததும் செம்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் என்ன புள்ள செய்ய? அந்த நட்சத்திரம் நகர்ந்து ஏமாத்திடுச்சு."

"பொய் சொல்லாதய்யா. நீ போனதுலேர்ந்து வாசல்ல உக்காந்து அதையேதான் பாத்துக்கிட்டிருக்கேன். இருந்த இடத்துலயே இருக்கு."

மேலேயிருந்து நட்சத்திரம் சிரித்தது. "மழையில நின்னா தலை நனையும், ஓடினா மூஞ்சி நனையும். அதுக்காக மேகம் முன்னாடி வந்துடுச்சுன்னு சொல்வியா உருட்டா? என் வெளிச்சமும் அந்தத் தூறல் மாதிரிதான். ஒரே வேகத்துல போயிருந்தா நானும் ஒரே இடத்துலதான் தெரிஞ்சிருப்பேன். நீ வேகத்தக் கூட்டக் கூட்ட, நான் நகர்ற மாதிரி தெரிஞ்சுது."

"அப்போ நான் பாத்ததுதான் சரி!" என்றாள் செம்பி.

"நீ மட்டும் சும்மாவா உக்காந்திருக்க? உன் தரையையும் இழுத்துக்கிட்டு, பால்வீதி நடுவைச் சுத்தி வளைஞ்சு ஓடிக்கிட்டிருக்கான் சூரியன். வளைய வளைய திசை மாறுறதால உனக்கும் நான் அந்த நடுப்பக்கம் மயிரிழை மயிரிழையா நகர்ந்துதான் தெரிவேன். அதக் கண்டுபிடிக்க உன் ஆயுசு பத்தாது, அவ்வளவுதான்."

செம்பி அண்ணாந்து நட்சத்திரத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

உருட்டன் மறுபடி ஓர் உருண்டை பிடித்தான். தள்ளுவதற்கு முன் அதன் மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, நட்சத்திரம் நிற்கும் இடத்தை மனதில் வாங்கிக்கொண்டான். வழியில் அது நகர்ந்தது. அவன் திரும்பவில்லை, காலைத்தான் நிதானப்படுத்தினான். உருண்டை வளைக்கு வந்தது. செம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்டையிட்டாள்.

அன்று முதல்தான் சாணி வண்டு உருண்டை மேல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி வானத்தைப் பார்த்துவிட்டு உருட்டுகிறது. நட்சத்திரம் நகர்ந்தால் அதைத் திட்டாமல், முதலில் தன் ஓட்டத்தைத்தான் சந்தேகப்படுகிறது.