தேர் திரும்பும் முனை

முன்னொரு காலத்தில் ஆழியூரைச் சேந்தவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கொடுத்ததை மாலையில் பிடுங்குவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

அந்த ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் வடமலை. ஒல்லியான ஆள். ஆயிரம் பேர் இழுத்துவரும் தேரின் சக்கரத்தடியில் கட்டையைச் சாய்த்துச் செருகி, வீதி முனையில் அழகாகத் திருப்பிவிடுவான். அந்த வருஷம் ராஜா பூரித்துப்போய்த் தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான்.

அரண்மனை மல்லர்களின் தலைவன் இடும்பராயனுக்கு அது பொறுக்கவில்லை. கட்டை செய்த வேலைக்கு ஆளுக்கு மாலையா என்று சபையில் கேட்டான். தன் மல்லர்கள் தேரை மார்பாலேயே நிறுத்துவார்கள் என்றான். ராஜாவின் மனசு உடனே மாறியது. மல்லன் வடமலையைத் தள்ளட்டும், விழுந்தால் முட்டுக்கட்டை வேலை மல்லர்களுக்கு என்று தீர்ப்பாயிற்று.

வடமலை தன் அண்ணனை நினைத்துக்கொண்டான். மாலை போனால் போகட்டும். தேரை நேருக்கு நேர் நிறுத்தப் பார்த்துத்தான் அவன் அண்ணன் சக்கரத்தடியில் போனான். இவர்கள் கையில் தேர் போனால் இன்னும் எத்தனை வீட்டில் அழுகுரலோ.

"கட்டை எங்கேடா?" என்று சிரித்தான் இடும்பராயன்.

"கீழே வச்சுட்டேங்க. நீங்க வாங்க."

மல்லன் தொடைதட்டிப் பாய்ந்தான். வடமலை முழங்காலைத் தளர்த்தி, மூச்சை அடிவயிற்றில் இறக்கி, தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல அந்தப் பெரிய முழங்கையைத் தொட்டான். தடுக்கவில்லை. வந்த வேகத்தைச் சற்றே சாய்த்துவிட்டான். மல்லன் அவனைக் கடந்து போய்ப் பன்னீர்க் குடத்தோடு உருண்டான். மறுபடி பாய்ந்தவன் தூணைக் கட்டிக்கொண்டான்.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "ராயரே, நீர் வேண்டுமென்றே விழுகிறீர். நானே பார்க்கிறேன்" என்று எழுந்து வந்தான்.

சிரிப்பு நின்றது. ராஜாவை விழவைத்தால் தலை போகும். தான் விழுந்தால் தேர் போகும். மந்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜா இரண்டு கையாலும் ஓங்கித் தள்ளினான். வடமலை அந்தத் தள்ளலோடு சேர்ந்தே பின்வாங்கி, அரைவட்டம் சுற்றி, கூடவே நாலடி நடந்தான். ராஜாவின் முழங்காலுக்குப் பின்னே மெத்தென்று ஏதோ இடித்தது. உட்கார்ந்துவிட்டான். பார்த்தால் அவனுடைய சிம்மாசனம். கிரீடம்கூடச் சாயவில்லை.

"தேரை நிலைக்குக் கொண்டுவந்து விட்டுட்டேன், மகாராஜா" என்று வடமலை கைகூப்பினான்.

"என்னைத் தள்ளினாயா?"

"தள்ளினது நீங்க. நான் கூட வந்தேன், அவ்வளவுதான்."

ராஜா தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். தேர் என்றைக்கும் வடமலைக்கே என்றும், அடுத்த வருஷம் இடும்பராயன் அவனுக்குக் கட்டை சுமக்க வேண்டும் என்றும் சொன்னான். அந்தச் சொல்லை மட்டும் அவன் மாற்றவேயில்லை.

அடுத்த தேரோட்டத்தில், கட்டை சுமந்துவந்த இடும்பராயன், பழைய வீம்பில், உருண்டுவரும் சக்கரத்துக்கு நேரே மார்பைக் காட்டி நின்றான். வடமலை அவன் முழங்கையைத் தொட்டான்.

மல்லன் நின்றிருந்த இடத்தின்மேல் சக்கரம் ஏறிப் போயிற்று. இடும்பராயன் ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.