ஆவுடை உருட்டிய கடைசிக் கவளம்

முன்னொரு காலத்துல கோரைப்பட்டணம்னு ஒரு நாடு இருந்துச்சு. மூணு வருஷமா மழை எட்டிக்கூடப் பார்க்கல. பஞ்சத்துல பாதி சனம் செத்துச்சு, மிச்சப் பாதிக்கு எமனா வந்து சேர்ந்தான் கரிவாயன்னு ஒரு மந்திரவாதி. பட்ட காலிலேயே படும்னு சும்மாவா சொன்னாங்க.

அந்தப் பாவிக்கு ஒரு சாபம். பழைய பஞ்சம் ஒண்ணுல, குதிர் நிறைய நெல்லை வச்சுக்கிட்டு, கதவைச் சாத்திட்டுத் தனியாத் தின்னவன் அவன். ஒரு தாயும் பிள்ளையும் அவன் வாசல்லயே பட்டினியாச் செத்தாங்க. அன்னையிலேர்ந்து எதைத் தின்னாலும் அவன் பசி அடங்காது, சாவும் வராது. இங்க வந்து அரண்மனை அடுக்களையைப் பிடிச்சு உட்கார்ந்துக்கிட்டான். தின்னு முடிச்சதும், "பசி அடங்கலையே"ன்னு ஒரு அதட்டல் போடுவான். சமைச்சவன் மண்பானையாயிடுவான். நெய்ச்சோறு வடிச்ச சமையக்காரங்க பானை, தட்டிக்கேட்ட ராசா பானை, விறகு சுமந்து போன மூக்கனும் பானை.

மூக்கன் பெண்டாட்டி ஆவுடை. பிள்ளைங்களைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, வீட்டுல கிடந்த நொய், துளி புளி, ரெண்டு மிளகாய், உப்பு, இவ்வளவையும் முந்தானையில முடிஞ்சுக்கிட்டு அரண்மனைக்குப் போனா. உன் பசியை ஆத்துனா என் புருஷனை விட்டுடணும்னு கேட்டா. மூணு தடவை சமைக்கலாம், தோத்தா நீயும் மண்ணுதான்னு சிரிச்சான் அவன்.

முதல்ல நொய்யில கொஞ்சம் எடுத்துக் கஞ்சி காய்ச்சுனா. ஒரே மடக்குல குடிச்சுட்டு, "பசி அடங்கலையே"ன்னான். அவ முழங்கால் வரைக்கும் மண்ணாச்சு.

அடுத்து புளியைக் கரைச்சு, மிளகாயைச் சுட்டு நசுக்கிப் போட்டு, நொய்ச்சோத்துல ஊத்திக் கொடுத்தா. சுள்ளுனு இருந்துச்சு, நாக்கைச் சப்புக்கொட்டித்தான் தின்னான். ஆனாலும், "பசி அடங்கலையே"ன்னான். இடுப்பு வரைக்கும் மண்ணாச்சு. இனி பிள்ளைங்க முகத்தைப் பார்ப்போமான்னு நினைச்சு ஆவுடை அழுதுட்டா.

மிச்சம் இருந்தது ஒரு சட்டி அடிக்குக்கூடக் காணாது. வீட்டுல சோறு பத்தாத அன்னைக்கு அவ தட்டே போடமாட்டா. எல்லாத்தையும் ஒரே சட்டியில பிசைஞ்சு, பிள்ளைங்களைச் சுத்தி உட்கார வச்சு, ஆளுக்கொரு உருண்டை கையில வைப்பா. தட்டுல போட்டா குறைச்சல் கண்ணுக்குத் தெரியும். கையில வாங்குனா, நம்ம முறை எப்ப வரும்னுதான் கண்ணு இருக்கும்.

மிச்ச நொய்யைப் பொங்கிப் பிசைஞ்சு, இங்கயும் அதையே செஞ்சா. பானைங்களைத் தன்னைச் சுத்தி வைக்கச் சொன்னா. என்னதான் செய்றா பார்ப்போம்னு அவனும் தூக்கி வச்சுட்டு, இலை எங்கேன்னு கேட்டான். இலையெல்லாம் கிடையாது, கையை நீட்டுன்னா. அவன் கையில ஒரு உருண்டை வச்சா. அடுத்ததைப் பக்கத்துப் பானைக்குள்ள போட்டா.

"எனக்குத்தானே சமைச்சே?"

"எல்லாருக்கும் ஒரு சுத்து வந்தாத்தான் மறு உருண்டை. என் வீட்டு வழக்கம் அது."

ராசா பானைக்கும் அதே அளவுதான், மூக்கன் பானைக்கும் அதே அளவுதான். கரிவாயன் பிறந்ததிலேர்ந்து முதல் தடவையா முறைக்குக் காத்திருந்தான். அவன் பசி ஏற ஏற, மண்ணும் ஆவுடை மேல ஏறுச்சு. மார்புக்கு வந்துச்சு, கழுத்துக்கு வந்துச்சு. கடைசி உருண்டையை விறைச்ச கையால அவன் பக்கம் நீட்டுனா. அவன் வாங்குனான். சட்டியைப் பார்த்தான், காலி. வெடிச்சுப்போன அவ உதட்டைப் பார்த்தான்.

"நீ சாப்பிட்டியா?"ன்னான்.

இந்தக் கேள்வியை அவன் ஆயுசுல யாரையும் கேட்டதில்லை. கேட்டுட்டு, அந்த உருண்டையை அவ வாயில ஊட்டி விட்டான். மண்ணு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. பானையெல்லாம் ஆளாச்சு, ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு உருண்டை.

"அடங்கிருச்சு தாயி"ன்னு சொல்லி, கரிவாயன் சுவத்துல சாய்ஞ்சு செத்துப்போனான்.

சனம் பொணத்தை மிதிக்கப் பாய்ஞ்சுச்சு. ஆவுடை குறுக்கே நின்னா.

"என் கையால வாங்கித் தின்னவன். நாலு பேரு வந்து தூக்குங்க."

முதல் ஆளா வந்து தலைமாடு தூக்குனவன் மூக்கன்.

ராசா அவளுக்குப் பொன் கொடுத்தான். பொன்னைப் பொங்கித் திங்க முடியுமான்னு அவ திருப்பிக் கொடுத்துட்டு, அரண்மனை அடுக்களையைக் கேட்டு வாங்குனா. ஊர்ல அவங்கவங்க பதுக்கி வச்ச நெல்லெல்லாம் அங்க வந்துச்சு. ராசாவும் வட்டத்துல உட்கார்ந்து கையை நீட்டுனான். மழை வந்தது அடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் அந்த நாட்டுல ஒருத்தர்கூடப் பட்டினியில சாகல.

கதை ஆச்சு. எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது.