நடுவில் வைத்த பொட்டு

மலைமேல் இருந்த அந்த வானாய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. விண்மீன் மண்டலத்தின் படம் எதுவானாலும், முதலில் அதன் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் வைத்து மறைத்துவிடுவார்கள். நடுவிலிருக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், மற்றதைப் பார்க்கவிடாது. பேராசிரியர் அம்பலவாணர் தொடங்கிவைத்த முறை அது. மாணவர்கள் அதைப் பொட்டு என்பார்கள்.

தான் ஆராயும் மண்டலத்தின் படத்தில் இசக்கியம்மாள் அந்தப் பொட்டை எடுத்துவிட்டாள். பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு நாற்பத்திரண்டு வயதில் அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்தவள். மறுநாள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மாலை டீ போடும் நேரத்தில் அவரே கேட்டார்.

"அந்த மண்டலத்துல புது நட்சத்திரம் ஏன் பிறக்கலைன்னு நான்தான் அப்பவே எழுதிட்டேனே. வாயு தீர்ந்துபோச்சு. நீ புதுசா என்னத்தக் கண்டே?"

"தீரலை ஐயா."

"அப்ப எங்க போச்சு?"

அவள் பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி, தீயை முழுக்கத் திருகிவிட்டாள்.

"நடுவுல இருக்கிற கருந்துளை வாயுவைத் தின்னுது ஐயா."

"தின்னா என்ன? அவ்வளவு பெரிய மண்டலத்துல அது ஒரு கடுகு." பால் நுரைத்து எழுந்தது. "அடுப்பைக் குறைம்மா."

அவள் குறைக்கவில்லை.

"உனக்கு டீ வேணுமா, வேண்டாமா?"

பால் பொங்கி வழிந்தது. சுடர் சீறி அணைந்தது. அவர் பாய்ந்துபோய் அடுப்பைத் திருகி மூடினார்.

"பால் தீர்ந்துபோச்சா ஐயா?"

அவர் மேடையைப் பார்த்தார். "இந்தா, வெளியே கிடக்கு."

"அதேதான். கருந்துளை தின்னும்போது கிளம்புற சூடு வாயுவை வெளியே தள்ளிருச்சு. மண்டலத்தைச் சுத்திக் கொதிச்சுக்கிட்டு நிக்குது. ஆறினாத்தானே நட்சத்திரமாகும்? இப்பத் தீனி குறைஞ்சு, கருந்துளையும் அடங்கிக்கிட்டு வருது."

அவர் துணியை எடுத்து மேடையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"பொட்டை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்." அவள் தலை நிமிர்ந்தே இருந்தது.

"கட்டுரையில என்னைப் பத்தி?"

"பேர் போடலை ஐயா. முன்பு ஒருவர் இப்படிக் கருதினார்னு மட்டும்..."

"பேரைப் போடு," என்றார் அம்பலவாணர். "முதலெழுத்தோட, முழுசா. தப்பாச் சொன்னது யாருன்னு தெரிஞ்சாத்தானே, திருத்தினது அவன் மாணவின்னு தெரியும்?"