கயிற்றைத் தொடக் கூடாது

"இத்தனை வருஷமாகக் காத்துக் கிடக்கிறேன், சாமி. அருள் என் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறதே!"

சோமநாயகம் பொரிந்து தள்ளினார். அவர் சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். குழாய் என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. ஊருக்கு ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. விடியுமுன் போய் மடத்துக்கு இறைத்து வருவது அவர் வேலை.

குரு எழுந்து வந்தார். சோமநாயகத்தின் நெற்றித் திருநீற்றை அழித்தார். ருத்திராட்சத்தைக் கழற்றினார். காவியை வாங்கிக்கொண்டு ஒரு கந்தலையும் மண்பானையையும் கொடுத்தார்.

"கிணற்றுக்கு மேற்கே வேப்பமரத்தடியில் உட்காரும். தண்ணீர் கொண்டு வாரும். கயிற்றைத் தொடக் கூடாது."

"தொடாமல் எப்படி, சாமி?"

குரு உள்ளே போய்விட்டார்.

மரத்தடியில் ஏற்கெனவே ஒரு பெண் பானையோடு உட்கார்ந்திருந்தாள். சடைச்சி என்று பேர். அவள் தெரு ஜனங்கள் அந்தக் கிணற்றில் இறைக்கக் கூடாது. யாராவது மனமிரங்கி ஊற்றினால்தான் உண்டு.

பெண்கள் வந்தார்கள், இறைத்தார்கள், போனார்கள். தினமும் மடத்தில் சோமநாயகத்தின் காலில் விழுகிற மணியக்காரர் மனைவியும் வந்தாள்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி..."

"எட்டிப் போய் உக்காருடா!"

அட, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை! சோமநாயகம் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சத்தம் போடாதீங்க பெரியப்பா," என்றாள் சடைச்சி. "அப்புறம் யாருமே ஊத்த மாட்டாங்க. எம் புள்ள ஜுரத்துல நாக்கு வறண்டு கெடக்கான்."

"எப்ப வந்தே?"

"கோழி கூவுறதுக்கு முன்னாடி. தெனமும் அப்பவே வந்துருவேன். மொதல்ல மடத்துச் சாமி ஒருத்தரு வந்து இறைப்பாரு. வாய் ஓயாம சிவசிவாம்பாரு."

"அவர்கிட்டக் கேக்கறதுதானே?"

"நாங்க வாயத் தொறக்கலாமா? அதோட, பாவம் பெரியப்பா, அவருக்குக் கண்ணு தெரியாது."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? இத்தன நாளா எதுத்தாப்புலயே உக்காந்திருக்கேன். கண்ணு தெரிஞ்சா ஒரு குடம் ஊத்தாமலா போவாரு?"

சோமநாயகம் எழுந்தார். விழுந்தடித்து ஓடிக் கயிற்றைப் பிடித்தார்.

"ஐயையோ, தொடாதீங்க! நம்ம தெருவையே கொளுத்திருவாங்க!"

"நான்தாம்மா அந்த மடத்துச் சாமி!" இறைத்துக்கொண்டே கத்தினார்.

சடைச்சி அவர் கண்களையே வெறித்துப் பார்த்தாள். பானையை நீட்டக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"அப்ப... கண்ணு தெரியுமா சாமி உங்களுக்கு?"