மூன்றாம் தடவை அமிலம்

செம்மணல் தேரிக்காட்டில் தோண்டிய எரிவாயுக் கிணற்றில் அமில வேலைக்குப் பொறுப்பு அற்புதமேரி. வயது நாற்பத்தொன்று. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மாசிலாமணி, தொழில் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு அவரிடம் சீடராகச் சேர்ந்திருந்தார்.

மூவாயிரத்து நூறு மீட்டர் ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை. வாயு அதற்குள் இருந்தது. வெளியே வர வழியில்லை. பாறையை அரித்து வழி திறக்க மாசிலாமணி இரண்டு தடவை அமிலம் இறக்கிப் பார்த்துவிட்டார். அமிலத்தின் வீரியம் முதலில் பதினைந்து சதவீதம், பிறகு இருபத்தெட்டு. ஓர் அடுப்பு பற்றவைக்கும் அளவுக்குக்கூட வாயு வரவில்லை. இன்று நாலு மணிக்குள் வராவிட்டால் கிணற்றை சிமெண்டால் மூடிவிடுவார்கள். அங்கே இருந்த பதினோரு பேருக்கும் வேலை போய்விடும்.

"இன்னும் வீரியமா இறக்குவோம்மா. இந்தக் கல்லுக்கு அவ்வளவு கொழுப்பு!"

அற்புதமேரி கண்ணாடிக் குவளையில் ஒரு சுண்ணாம்புக் கல்லைப் போட்டு, இருந்ததிலேயே வீரியமான அமிலத்தை ஊற்றினார். கல் பொங்கிச் சீறியது.

"பாத்தீங்களா!" என்றார் மாசிலாமணி.

சீற்றம் அடங்கியது. அற்புதமேரி அதே குவளையில் இன்னொரு கல்லைப் போட்டார். ஒரு குமிழிகூட எழவில்லை.

"என்னம்மா, அமிலம் செத்துப்போச்சா?"

"முதல் கல்லோடயே முடிஞ்சிருச்சு, அண்ணே."

டீசலில் அடித்துக் கலக்கிய அமிலம் ஒரு பீப்பாயில் தயாராக இருந்தது. ஒவ்வொரு துளியையும் டீசல் மூடியிருந்தது. "இது வழியில யாரையும் சீண்டாது. உள்ள போய்த்தான் வேலையைக் காட்டும்" என்றார் அற்புதமேரி.

அப்போது மேலாளர் சபாபதி ஒரு தாளோடு வந்தார். மணி இரண்டரை.

"கிணத்தை மூடச் சொல்லி உத்தரவு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

"நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கே, சார்!" என்றார் மாசிலாமணி.

"எதுக்கு? மூணாந்தடவையும் பாறையைக் குளிப்பாட்டவா?"

மாசிலாமணி கொதித்துவிட்டார். பதினோரு பேரின் பெயரையும் சொல்லிக் கத்தினார். தன் ஒன்பது வருட உழைப்பைச் சொன்னார். சபாபதியின் படிப்பு, பரம்பரை எதையும் விடவில்லை. கால் மணி நேரத்தில் தொண்டை கட்டிப்போனது.

சபாபதி நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"முடிஞ்சுதா? தண்ணி குடிங்க. குடிச்சிட்டு இங்க ஒரு கையெழுத்து."

பேனாவை நீட்டினார். மாசிலாமணியின் கை தானாகப் போய் அதை வாங்கிக்கொண்டது.

அற்புதமேரி அந்தப் பேனாவைப் பிடுங்கினார்.

"விடுங்கம்மா. என்கிட்ட இனி ஒண்ணுமில்ல."

அற்புதமேரி பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். நாற்காலியை சபாபதிக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"என்கிட்ட இருக்கு, அண்ணே. சார்கிட்ட நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசலையே."