முதுகில் குத்தியவர் யார்?

வாட்ஸ்அப்பில் "சிலர் மாறிவிட்டார்கள், காலம் பதில் சொல்லும்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு பெருமூச்சு விடுவார்கள். "விடுங்க" என்பார்கள். அந்தக் கூட்டத்தில் அடியேனும் ஒருவன். போன வாரம் போட்டது எதற்காக என்பது எனக்கே மறந்துவிட்டது. ஆனால் ஒரு ஆறுதல். இந்த வியாதி ராஜாக்களுக்கே இருந்திருக்கிறது.

முல்லைக்கோட்டை அரசர் கொற்றவேலர் வீரர், கொடையாளி, நல்ல மனிதர். கோட்டை வாசலில் ஒரு கறுப்புப் பலகையை மாட்டி வைத்திருந்ததுதான் அவரிடம் இருந்த ஒரே கோளாறு. தினமும் காலையில் சுண்ணாம்புக்கட்டியால் தன் கைப்பட அதில் எழுதுவார். "நேற்று நல்ல தூக்கம்." "இன்று மாம்பழம் சாப்பிட்டேன். இனித்தது." போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைப் பார்த்து "ஆஹா!" சொல்ல வேண்டும். சந்தைக்குக் கத்தரிக்காய் சுமந்து போகிற பெண்கூட, கூடையை இறக்காமல் ஒரு ஆஹா சொல்லிவிட்டுத்தான் போவாள். படித்துவிட்டுத்தான் சொன்னாள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நான் போடுகிற லைக்கும் அந்த ரகம்தான்.

ஒருநாள் பலகையில் இப்படி இருந்தது: "நம்பியவர்களே முதுகில் குத்துகிறார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை."

ஊரே ஆடிப்போயிற்று. தளபதிக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. 'துலக்கக் கொடுத்திருக்கிறேன்' என்று பொக்கிஷதார் சொல்லிக்கொண்டிருந்த வெள்ளி விளக்கு மதியத்துக்குள் பொக்கிஷத்துக்குத் திரும்பி வந்தது. முதன்மந்திரி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மன்னா, அடியேனையா எழுதினீர்கள்?"

"நீர் ஏன் அப்படி நினைக்கிறீர்? விடும்."

அந்த 'விடும்' மந்திரியின் பாதி உயிரை எடுத்துவிட்டது. அரசருக்கோ உள்ளூரப் பரம சந்தோஷம். பலகை முன்னால் இவ்வளவு கூட்டம் ஒருநாளும் கூடியதில்லை.

கூட்டத்தில் ஓர் உப்பு வியாபாரி இருந்தான். செய்தியை ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வேங்கைநாட்டுக்குக் கொண்டுபோனான். அந்த நாட்டு அரசர் நன்மாறர் சமீபத்தில்தான் கொற்றவேலரோடு நட்பு உடன்படிக்கை செய்திருந்தார்.

"நம்பியவன் என்றால் நான்தானே! என்னையா எழுதினான்?" என்று குதித்தார். படை ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. தூதர் மழவராயர் அரண்மனைக்குள் வந்து நின்றார்.

"குத்தியது யார் என்று நாளை சபையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்கள் அரசரைத்தான் சொன்னீர்கள் என்று எடுத்துக்கொள்வோம். யானைகள் ஆற்றில் இறங்கும்!"

கொற்றவேலர் தம் சபையின் விகடகவி பேச்சியப்பரை அழைத்தார். கதவைத் தாழிட்டார்.

"மன்னா, என்னிடமாவது சொல்லுங்கள். யார் அந்தத் துரோகி?"

அரசர் நெளிந்தார். "சமையற்காரன்."

"விஷம் வைத்தானா?"

"அப்பளத்தைச் சுட்டுப் போட்டுவிட்டான். பொரித்துத் தருவான் என்று நம்பியிருந்தேன்."

பேச்சியப்பருக்கு நெஞ்சு வரை வந்த சிரிப்பு, அரசரின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"நாளை நீர்தான் பதில் சொல்கிறீர்" என்றார் அரசர். "பொய் சொல்லக்கூடாது, அது என் குலத்துக்கு இழுக்கு. அப்பளத்தையும் சொல்லக்கூடாது, அது எனக்கே இழுக்கு. பாவம், சமையற்காரன் தலைக்கும் ஆபத்து வரக்கூடாது. போரும் வரக்கூடாது. முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போய்விடும்!"

சபையில் சிங்கம் என்று பேரெடுத்த பேச்சியப்பர் வீட்டுக்குப் போனதும் முதலில் செய்த காரியம், மூட்டை கட்டியதுதான். மனைவி உலகம்மை பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய மூட்டையா? தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். அப்புறம் வழியில் யார் உங்களுக்குக் குத்திவிடுவார்கள்?"

பேச்சியப்பர் மூட்டையைத் தொப்பென்று போட்டார். "என்ன சொன்னாய்? இன்னொரு தரம் சொல்லு!"

மறுநாள் சபையில் ஈ பறந்தால் கேட்கும். தளபதி போர்வையோடு வந்திருந்தார். பேச்சியப்பர் எழுந்தார்.

"தூதரே, எங்கள் மன்னர் எழுதியது அட்சரம் பிசகாத உண்மை. சனிக்கிழமைதோறும் எண்ணெய்க் குளியலுக்கு முன் இரண்டு மல்லர்களை நம்பி அவர் முதுகைக் கொடுக்கிறார். அவர்களும் கும் கும் என்று குத்துகிறார்கள்!"

மழவராயர் புருவத்தைச் சுருக்கினார். "அப்படியானால் பெயரைச் சொல்வதற்கு என்ன?"

"நல்ல கதையாக இருக்கிறதே! அப்படிக் குத்தத் தெரிந்த ஆள் இந்தச் சீமையிலேயே வேறு கிடையாது. பெயரைச் சொன்னால் உங்கள் அரசர் இரட்டைச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டு போய்விடமாட்டாரா?"

தூதர் யோசித்தார். நாள் முழுக்கக் குதிரையில் குலுங்கி வந்த முதுகு அவருக்கு. மெல்ல அருகில் வந்து, "எனக்கும் ஒரு நாலு குத்து கிடைக்குமா?" என்றார்.

கிடைத்தது. "அம்மாடி! ஆஹா!" என்ற சத்தம் சபை வரை கேட்டது. மாலையில் மழவராயர் நிமிர்ந்த முதுகோடு குதிரை ஏறினார். படை திரும்பிப் போயிற்று.

அன்றைக்குத்தான் அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒரு அப்பளத்துக்காக யானைகளை அழைத்து வந்தேனே, என்னைப் போல ஒரு மடையன் உண்டா!" என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டார். தன் முத்துமாலையைக் கழற்றிப் பேச்சியப்பர் கழுத்தில் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும், கேளும்!"

"மன்னா, அந்தப் பலகையில் இனி எழுதாமல் இருந்தால் போதும்."

"இதோ, வாக்குக் கொடுத்தேன்!"

மறுநாள் காலையில் கோட்டை வாசலில் ஒரே இரைச்சல். பேச்சியப்பர் ஓடினார். பலகையில் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது:

"இன்றோடு இந்தப் பலகையை விட்டு விலகுகிறேன். காரணம் கேட்காதீர்கள்."

அவர் மூச்சு வாங்க மாடிக்கு ஏறினார். சன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்ற கொற்றவேலர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"பேச்சியப்பரே, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் எட்டிப் பாரும். எத்தனை பேர் அழுகிறார்கள்?"